பூத்தறையும் புள்ளிப்பலகையும்

வடக்கன் முறைக் களரியில் பயிற்சி வழிபாட்டோடுதான் தொடங்குகிறது. 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிய குழிக்குள், கிழக்கு வாசல் வழியாக வலது காலை முன்வைத்து இறங்க வேண்டும். மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தென்மேற்கில், கன்னி மூலையில், ஏழு படிகளாகக் குறுகி உயரும் பூத்தறையும், முன்னோர் குருமார்களுக்கான குருத்தறையும் இருக்கின்றன. இவற்றை வணங்கி, ஆசானான குருக்களின் காலைத் தொட்ட பிறகே உடற்பயிற்சியான மெய்த்தாரி. பிறகு கம்புப் பயிற்சியான கோல்தாரி, உலோக ஆயுதப் பயிற்சியான அங்கத்தாரி, கடைசியில் வெறுங்கை. கம்பையோ வாளையோ வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மரியாதை உண்டு. இதே கலை இன்று மெத்தை விரித்த உள்ளரங்கங்களுக்கும் வந்துவிட்டது. அங்கே கன்னி மூலையில் தெய்வம் கிடையாது, நடுவர் உட்கார்ந்திருக்கிறார். மேலே எண் மாறும் பலகை. ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. வணக்கத்தில் தொடங்கும் ஒரு சாதனையை வெற்றிக்காகச் செய்யலாமா, செய்தால் அது சாதனையாக நீடிக்குமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. களரி, சிலம்பம், பிலிப்பைன்ஸின் கம்புச் சண்டைக் கலையான அர்னிஸ் என்று ஆயுதம் ஏந்தும் எல்லாக் கலைகளுக்கும் இது பொதுவான கேள்வி.

இதைக் கேட்க எர்ணாகுளத்தின் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதி பொருத்தமான இடம். போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனையின் நடுமுற்றத்தில் அரச குலதெய்வமான பழயன்னூர் பகவதியின் கோயில் இருக்கிறது. அறைகளில் அரச குடும்பத்து ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன. ஆயுதத்தையும் தெய்வத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்வதில் அந்த உலகத்துக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. பிலிப்பைன்ஸோடும் கொச்சிக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. போர்த்துகீசியப் படைவீரனாக இந்தியா வந்த மெகல்லன், 1510இல் கோவாவின் மீது படையெடுப்பது பற்றிப் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் கொச்சியில் கூட்டிய ஆலோசனையில் இருந்தவர். பிற்பாடு ஸ்பெயினின் கொடியோடு மேற்கே சென்றவர், 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவின் கரையில் அங்குள்ள தலைவன் லாப்புலாப்புவின் ஆட்களிடம் உயிரிழந்தார். லாப்புலாப்புவைத் தங்கள் முன்னோடியாக வணங்கும் அர்னிஸ் பள்ளிகள் பல. அந்த வழிமரபு ஆவணங்களால் நிறுவப்பட்டதல்ல. ஆனாலும் 2009 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அரசு அர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் சட்டமியற்றி அறிவித்தது. கலை, விளையாட்டு என்ற இரண்டு பெயர்களையும் ஒரே சட்டம் சூட்டியது. இந்த இரண்டும் ஒன்றாக வாழ முடியுமா என்பதே நம் விவாதம்.

முடியாது என்பவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வழிபாட்டில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. பூத்தறையின் முன் இருவர் வணங்கினால் ஒருவருடைய வணக்கம் இன்னொருவருடையதைக் குறைப்பதில்லை. போட்டியில் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்கு இல்லாமல் போகிறது. வழிபாடு அகந்தையைக் கரைக்க வந்தது, மேடைப் படி ஏறிப் பதக்கம் வாங்குவது அதை ஊதிப் பெருக்க வந்தது. உடம்பே கண்ணாக வேண்டும் என்பது களரிக்காரர்களின் லட்சியம். அதை அடைந்தவனுக்கு எதிராளி என்று தனியே ஒருவன் இல்லை, அவன் பார்ப்பது அசைவை மட்டுமே. அப்படிப்பட்டவனை ஒரு நிமிடச் சுற்றுகளில் மதிப்பெண் போட்டு அளப்பது எதை அளப்பது? இந்த வாதத்துக்கு வெளியிலிருந்தும் துணை கிடைக்கும். வெற்றி பகையை வளர்க்கும், தோற்றவன் துயரத்தில் படுப்பான், இரண்டையும் விட்டவனே நிம்மதியாக இருப்பான் என்பது பௌத்தத்தின் நிலை. மேன்மையான மனிதன் போட்டியிடுவதில்லை என்று தொடங்கும் கன்ஃபூசியஸும் முதல் பார்வையில் இந்தப் பக்கமே நிற்கிறார்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வாதத்துக்குள் ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது: பழைய களரி போட்டியறியாத தவச்சாலை, போட்டி நேற்று வந்த நோய் என்ற கற்பனை. வடகேரளத்து வீரர் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இது செல்லாது. அங்கத்தட்டு என்ற சண்டை மேடையில் ஏறிப் பொருதுவதற்குச் சேகவர்கள் என்ற வீரர்கள் பணக்கிழி வாங்கினார்கள். புத்தூரம் வீட்டு ஆரோமல் சேகவர் அரிங்ஙோடரோடு மோதியது தன் சொந்தப் பகைக்காக அல்ல, இரண்டு பிரபுக்களின் வாரிசுத் தகராறைத் தீர்த்துவைக்க. அந்தக் கதையிலேயே மோசடியும் இருக்கிறது. ஆரோமலின் வாளில் இரும்பாணி இருக்க வேண்டிய இடத்தில் மர ஆணி வைக்கப்பட்டு, சண்டையின் நடுவே வாள் முறிகிறது. வென்றே ஆக வேண்டும் என்ற வெறி குறுக்கு வழி தேடுவதைக் கண்டுபிடிக்க நமக்குப் பதக்கப்பட்டியல் தேவைப்படவில்லை. திருநாவாயில் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத்தில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியைக் கொல்லப் புறப்பட்டுச் செத்து விழுந்த சாவேர்களும் களரியில் வணங்கி வளர்ந்தவர்களே. ஆகவே பூத்தறைக்கும் மோதலுக்கும் இடையே பழங்காலம் சுவர் எழுப்பவில்லை. அதனால் அந்த மோதல் நல்லது என்று ஆகிவிடாது. அடுத்தவர் தகராறுக்காகக் கூலிக்குச் சாவதைத் தர்மம் என்று போற்ற இன்று யாருக்கும் கட்டாயமில்லை. உயிர்ப்பணயம் போய்ப் புள்ளி வந்ததை வீழ்ச்சி என்று சொல்கிறவர், எந்த உயரத்திலிருந்து வீழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, போட்டி இல்லாத பயிற்சி எதை இழக்கிறது என்று பார்க்கலாம். ஃபோர்ட் கொச்சியில் மாலை நேரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக டிக்கெட் வைத்துக் களரிப்பயட்டு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வாளும் பரிசையும் மோதித் தீப்பொறி பறக்கும். வளையும் வாளான உறுமி காற்றில் சீறும். ஆடுபவர்களின் உழைப்பும் திறமையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் அங்கே ஒவ்வொரு வெட்டுக்கும் அதைத் தடுக்கும் இடம் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது, இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே ஆடுகிறார்கள். அங்கே தோல்வி என்ற ஒன்று நிகழ முடியாது. போட்டி கலையின் புனிதத்தைக் கெடுக்கிறது என்று வருந்துகிறவர்கள் இந்த மேடையைப் பற்றி அவ்வளவு வருந்திப் பார்ப்பது அரிது, அதையே பாரம்பரியம் என்று கைதட்டுவதும் உண்டு. ஆயுதக் கலையின் அடிப்படை உண்மை, எதிரே இருப்பவன் நம் விருப்பப்படி நடக்க மாட்டான் என்பது. அந்த உண்மையை நீக்கிவிட்டால் மிஞ்சுவது அழகான அசைவு. ஒத்துழைக்காத எதிராளி முன்னால் நிற்கும்போதுதான் பயம் எங்கே இருக்கிறது, கோபம் எப்போது வருகிறது, பல வருடங்களாகச் செய்துவந்த சுவடு என்ற அடிவைப்பு எந்த இடத்தில் பொய் என்பதெல்லாம் தெரியவருகிறது. குருக்கள் அன்பினால் மறைத்துவைத்ததை எதிராளி ஒரே அடியில் சொல்லிவிடுகிறான். அகந்தையைக் கரைப்பது வழிபாட்டின் வேலை என்றால், எல்லார் கண் முன்னாலும் தோற்பதைப்போல அந்த வேலையைச் செய்யக்கூடியது வேறு அதிகமில்லை.

இங்கே கீதையைத் துணைக்கு அழைப்பது வழக்கம். வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கொண்டு போரிடு என்ற கருத்தைச் சொல்லிவிட்டால் போட்டிக்கும் ஆசி கிடைத்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். இது அவ்வளவு எளிதல்ல. நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. அர்ஜுனனுக்கு அந்தப் போர் கடமையாக வந்தது, விலக முடியாதது. விளையாட்டுப் போட்டி அப்படியல்ல. நுழைவுக் கட்டணம் கட்டி, விரும்பித் தேடிப் போவது. ஆசையால் தேடிப்போன ஒன்றில் பற்றில்லாமல் இருப்பதாகச் சொல்வது பாசாங்கு இல்லையா? இதற்கு என் பதில், விரும்பி ஏற்றது என்பதே அதன் பயன் என்பதாகும். விளையாட்டு என்றால் தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்றுத் தாண்ட முயல்வது என்று தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வரையறுத்தார். போரில் வெற்றியை விரும்பாதவனுக்கு உயிர் போகும். அங்கே பற்று எது, தற்காப்பு எது என்று பிரித்தறிய வழியில்லை. போட்டியில் உயிர் போகாது, நாடு போகாது. போவது பெயர் மட்டுமே. ஆகவே அங்கே எழும் பதற்றம் முழுக்க முழுக்க அகந்தையினுடையது, வேறு எதன் மேலும் பழியைப் போட முடியாது. சமநிலை என்பது வெற்றியில் அக்கறையே இல்லாமல் இருப்பதும் அல்ல. அக்கறையில்லாமல் கம்பு வீசுகிறவன் எதிராளியை அவமதிக்கிறான். முழு மனதோடு வெல்ல முயன்று, முடிவு வந்த பிறகு அதைச் சுமக்காமல் இறக்கிவைப்பதுதான் அங்கே நடக்க வேண்டிய பயிற்சி.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் எல்லாப் பாரத்தையும் போட்டியாளரின் மனதில் ஏற்றிவிட்டோம் என்றாகும். பெரும்பாலான உபதேசங்கள் அதைத்தான் செய்கின்றன: நீ பற்றில்லாமல் ஆடு, மற்றதெல்லாம் சரியாகிவிடும். நடைமுறை வேறு. போட்டி எதை எண்ணுகிறதோ அதைத்தான் கற்பிக்கிறது. உலக எஸ்கிரிமா காலி அர்னிஸ் கூட்டமைப்பின் முறையில் நடக்கும் கம்புச் சண்டையை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் கம்பி வலை வைத்த தலைக்கவசம், முழங்கால் வரை நீளும் தடித்த மெத்தை அங்கி, கையில் பிரம்பு. சுற்றுக்கு ஒரு நிமிடம், 10 புள்ளி முறையில் மதிப்பீடு. கவசம் வலியை வாங்கிக்கொள்வதால் இருவரும் முன்னால் நகர்ந்து, தடுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், மழைபோல் அடிப்பதையே காண முடிகிறது என்பது அந்தக் கலைக்காரர்களே சொல்லிவரும் பழைய குறை. அந்தப் பிரம்பு ஒரு வாளுக்குப் பதிலாக நிற்பது. வாளாக இருந்தால் முதல் வெட்டிலேயே இருவரும் விழுந்திருப்பார்கள். இந்த ஆட்டக்காரர்களின் மனம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, விதி அவர்களை அப்படி ஆட வைக்கிறது. தன் உடம்பு வெட்டுப்படும் என்ற நினைப்பு ஆயுதக் கலையின் அடக்கத்துக்கே வேர். அந்த நினைப்பை மறக்கச் சொல்லிக் கொடுக்கும் விதி, எத்தனை வணக்கங்களை ஆரம்பத்தில் சேர்த்தாலும், அடக்கமின்மையையே கற்பிக்கும். எனவே போட்டியின் தர்மம் ஆடுபவரின் நெஞ்சில் இருப்பதைவிட அதிகமாக விதியெழுதுகிறவரின் கையில் இருக்கிறது. இதுவே இந்தக் கட்டுரையின் மையக் கருத்து.

விதியால் மனப்பாங்கை வளர்க்க முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஜப்பானின் வாள்வீச்சுக் கலையான கெண்டோ போட்டியில் புள்ளி எடுத்தவர் கையை உயர்த்திக் கொண்டாடினால் அந்தப் புள்ளியையே நடுவர்கள் ரத்து செய்யலாம். அடித்த பிறகும் விழிப்போடும் எதிராளியின் மீது மரியாதையோடும் நிற்பது அடியின் ஒரு பகுதி, அது இல்லையென்றால் அடியே விழவில்லை என்பது அதன் பொருள். கேரளத்தில் ஓணக்காலக் கைச்சண்டையான ஓணத்தல்லில் திறந்த கையால் மட்டுமே அடிக்கலாம். முட்டி மடக்கிக் குத்துவதும் காலால் உதைப்பதும் கூடாது. சிலம்பத்தில் கோலின் நுனியில் கரியோ வண்ணமோ தடவி, உடம்பில் பதிந்த தடத்தை எண்ணும் முறை இருந்தது. எவ்வளவு பலமாக அடித்தான் என்பதை விட்டு, எங்கே தொட்டான் என்பதைக் கணக்கிட்ட விதி அது. கன்ஃபூசியஸும் இங்கே மறுபடி உதவுகிறார். மேன்மையானவன் போட்டியிடுவதில்லை என்றவர், வில்வித்தையை விதிவிலக்காக்குகிறார். வணங்கி மேடையேறி, இறங்கி வந்து சேர்ந்து அருந்துகிறார்கள், அந்தப் போட்டியிலும் அவர்கள் மேன்மையானவர்களே என்கிறார். அவர் கவலைப்பட்டது போட்டி உண்டா இல்லையா என்பதைப் பற்றியல்ல, அதைச் சூழ்ந்திருக்கும் ஒழுங்கைப் பற்றி. நம் களரிப் போட்டிகளுக்கும் இந்தக் கேள்வியைப் போடலாம். தொங்கவிட்ட பந்தைத் துள்ளி உதைக்கும் சவிட்டிப் பொங்ஙல் பிரிவில் அளக்கப்படுவது உயரம். அது கண்ணுக்கு விருந்து, அளக்கச் சுலபம். அளக்கச் சுலபமானதே கலையின் மையமாக மாறிவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. களரியின் உச்சமான வெறுங்கையையும், உடம்பின் உயிர்நிலைகளைப் பற்றிய மர்ம அறிவையும், குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்கள் அகத்தியர் பெயரில் காத்துவந்த வர்மக் கலையையும் எந்தப் போட்டியிலும் காட்ட முடியாது. காட்டினால் ஆள் சாவான். ஆகவே போட்டியில் தெரிவது எப்போதும் கலையின் கீழ்த்தளம் மட்டுமே, அதை வைத்துப் பட்டம் கொடுப்பது பொய் என்கிறார்கள். கருத்தின் முதல் பாதி உண்மை, முடிவு சரியல்ல. தேர்வு எழுதுவது படிப்பின் முழுமை என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் தேர்வு பொய்யாகிவிடுவதும் இல்லை. மேலும் மர்ம அறிவுக்கு இன்னொரு முகம் உண்டு. அடிக்கத் தெரிந்த அதே கைதான் மழைக்காலத்தில் உழிச்சில் என்ற எண்ணெய்த் தடவல் செய்கிறது, மூட்டு பிசகினால் சேர்க்கிறது. குருக்கள் ஒரே நேரத்தில் ஆயுத ஆசானும் வைத்தியரும். இந்தப் பாதி, போட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், இருக்கலாம். போட்டி தன் எல்லையைத் தெரிந்துகொண்டால் போதும். எண்ண முடியாததை எண்ண முயலாமல் விட்டுவைப்பதும் நல்ல விதியின் இலக்கணம். கவலைக்குரியது, போட்டியில் எண்ணப்படாத காரணத்தாலேயே களரிக்குள்ளும் ஒன்று கற்பிக்கப்படாமல் போவது. அதற்குப் பொறுப்பு போட்டியினுடையதல்ல, பதக்கத்துக்காக மட்டும் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியரினுடையது.

பதக்கம் என்றதும் பணமும் பதவியும் பேச்சில் வந்துவிடும். 2023இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் களரிப்பயட்டுக்குப் பதக்கம் இருந்தது. 2025இல் உத்தராகண்டில் அது வெறும் காட்சிப் பிரிவாகத் தள்ளப்பட்டபோது கேரளத்தில் எழுந்த கோபத்தில் பண்பாட்டு வருத்தமும் இருந்தது, சான்றிதழால் கிடைக்கும் வாய்ப்புகள் பற்றிய கவலையும் இருந்தது. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்ததும் ஊருக்கு ஊர் பயிற்சி பெருகக் காரணங்களில் ஒன்று. ஒரு கலைக்குள்ளேயே விளையும் நன்மைகள் வேறு, அதன் வழியாக வெளியிலிருந்து கிடைக்கும் புகழும் பணமும் வேறு என்று பிரித்துக் காட்டியவர் அலாஸ்டர் மக்கின்டயர். வெளியிலிருந்து கிடைப்பவை உள்ளே விளைபவற்றை விழுங்கிவிடக்கூடும் என்ற அவருடைய எச்சரிக்கை இங்கே பொருந்துகிறது. ஆனால் அந்தப் பழி போட்டிக்கு மட்டும் உரியதல்ல. சேகவரின் கிழியும், அரசன் கொடுத்த மரியாதையும், சுற்றுலா டிக்கெட்டும் வெளியிலிருந்து வந்தவையே. எந்தக் காலத்திலும் வயிற்றுப்பாடில்லாமல் ஒரு கலை நிலைத்ததில்லை. கம்பு பிடித்த பிள்ளைக்கு வேலை கிடைப்பதைக் குறைசொல்ல, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு உரிமை குறைவு. கேட்க வேண்டிய கேள்வி, பரிசு வந்த பிறகும் அந்தப் பிள்ளை கம்பைக் கீழே வைக்காமல் இருக்கக் காரணம் ஏதாவது கற்றுக்கொடுக்கப்பட்டதா என்பது.

போட்டிக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய மிகப் பெரிய காரணத்தை மகாபாரதமே எடுத்துக்கொடுக்கிறது. துரோணரின் மாணவர்கள் வித்தை காட்டும் அரங்கில் கர்ணன் நுழைந்து அர்ஜுனன் செய்ததையெல்லாம் தானும் செய்துகாட்டுகிறான். நேருக்கு நேர் மோத அழைக்கிறான். அப்போது கிருபர் அவனுடைய குலத்தைக் கேட்கிறார். திறமை பதில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் பிறப்பு பதில் சொல்ல அழைக்கப்படுகிறது. துரியோதனன் அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்கியது அந்தக் கேள்வியை அடைப்பதற்காக. ஆனால் அவமானம் தீரவில்லை, அதன் விலையைக் குருக்ஷேத்திரம் கொடுத்தது. இன்றைய போட்டி அரங்கு எடையையும் வயதையும் கேட்கிறது, குலத்தைக் கேட்பதில்லை. பரம்பரையும் ரகசியமும் காவலாக நின்ற ஒரு கலையில் இது சிறிய மாற்றமல்ல. கேரளத்தில் நாயர், தீயர் குடும்பங்களோடு முஸ்லிம், கிறிஸ்தவ ஆசான்களும் களரி நடத்திவந்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர்களின் பரதேசி ஜெபாலயமும் அரண்மனையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பூத்தறையை வணங்கலாம், இன்னொருவர் தன் மார்க்கப்படி வேறு விதமாகத் தொடங்கலாம். இருவரும் சேர்ந்து வணங்கக்கூடியது எதிரே நிற்கும் ஆளைத்தான். அந்த வணக்கம் சம்பிரதாயமாக நின்றுவிடாமல், என் குறையை எனக்குக் காட்டப் போகிறவர் இவர் என்ற அறிவோடு செய்யப்பட்டால், அது எந்த மதத்துக்கும் அந்நியமானதல்ல.

ஆகவே பூத்தறையா புள்ளிப்பலகையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறான கேள்வி. சரியான கேள்வியைப் போட்டிகளை நடத்தும் சங்கங்களிடமும் கூட்டமைப்புகளிடமும் கேட்க வேண்டும், அதுவும் திட்டவட்டமாக. வெட்டு வாங்கிக்கொண்டே வெட்டுகிறவருக்குப் புள்ளி உண்டா? புள்ளியெடுத்தவரின் நடத்தை புள்ளியைப் பாதிக்குமா? எதிராளியின் காயம் வென்றவரின் கணக்கில் எப்படி எழுதப்படுகிறது? ஆயுதம் தவறவிட்டவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இவற்றுக்கு விதிப்புத்தகத்தில் பதில் இருந்தால் அந்தப் போட்டி வழிபாட்டின் நீட்சி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பதில் இல்லையென்றால், தொடக்கத்தில் ஏற்றும் குத்துவிளக்கும் முடிவில் கொடுக்கும் கைகுலுக்கலும் அந்த இடைவெளியை நிரப்ப மாட்டா. பற்றின்மையைத் தனிமனிதரின் தவமாக மட்டும் விட்டுவைக்கும் சமூகம், ஆசையைத் தூண்டும் விதிகளை எழுதிவிட்டு, அந்த விதிகளின்படி ஆடிய பிள்ளையைப் பேராசைக்காரன் என்று கண்டிக்கிறது. ஆன்மிகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டு, நடுவர்களின் பயிற்சிக் கூட்டத்துக்கும் விதிகளைத் திருத்தும் குழுவுக்கும் போய் உட்கார வேண்டும். தர்மம் அங்கேதான் ஒவ்வொரு வரியாக எழுதப்படுகிறது.